ஒரே ஒரு கறுப்புக் கல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஆர்கியாஸ் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் இதைச் சொல்ல எனக்கு இவ்வளவு கூச்சம் இருந்திருக்காது. அவன் வெறும் வாய்க்காரன். ஏதென்ஸில் வாய்க்காரர்களுக்குப் பஞ்சம் கிடையாது. சபையில் பேச வாய்ப்புக் கிடைக்காதவன் சந்தையில் பேசுவான், சந்தையில் கிடைக்காதவன் என் கடைக்கு வருவான். செருப்புத் தைப்பவர்கள் தெருவின் முனையில் முடி வெட்டும் கடை வைத்திருக்கிறேன். பெயர் மிக்கியோன். தரையில் விழும் முடியை மாலையில் கூட்டித் தள்ளிவிடலாம். காதில் விழும் பேச்சை என்ன செய்வது?

எங்கள் பங்காளிக் கூட்டத்தில் இப்போது முப்பத்தாறு ஆண்கள். போருக்கு முன்னால் தொண்ணூறு பேர் இருந்தோம். கொள்ளைநோய் கொஞ்சம், சிசிலிப் படையெடுப்பு கொஞ்சம், ஸ்பார்ட்டாக்காரன் கொஞ்சம் என்று பங்கு போட்டுக்கொண்டு போனார்கள். மிஞ்சியவர்கள் வருடத்துக்கு ஒருமுறை, விதைப்புக் காலத்தில், பர்னெஸ் மலையடிவாரத்தில் உள்ள எங்கள் பீடத்தில் மூன்று நாள் கூடுவோம். முதல் நாள் விருந்து. இரண்டாம் நாள் சாமிக்கு. மூன்றாம் நாள் பிள்ளைகளுக்கு.

மூன்றாம் நாள்தான் விஷயம். பிள்ளை பிறந்தவன் ஒரு கிடாவோடு வருவான். பங்காளிகளைக் காக்கும் ஜீயஸின் பீடத்தில் கை வைத்து, "இவன் எனக்கும், ஏதென்ஸ்காரன் ஒருவன் முறையாகக் கட்டிக்கொடுத்த மகளுக்கும் பிறந்தவன்" என்று சத்தியம் செய்வான். ஆட்சேபம் உள்ளவன் எழுந்துபோய்க் கிடாவின் கயிற்றைப் பிடித்துப் பீடத்தை விட்டு இழுத்துக்கொண்டு போகலாம். யாரும் இழுக்காவிட்டால் கிடா அறுபடும், பிள்ளையின் பெயர் ஏட்டில் ஏறும், ஆளுக்கு ஒரு துண்டு இறைச்சி. பெயர் ஏறாத பிள்ளைக்குக் காணி கிடையாது. குடிமகன் வீட்டில் பெண் கிடையாது. சபையில் வாயைத் திறந்தால் பிடித்து வெளியே தள்ளுவார்கள். இதே மண்ணில் பிறந்து இதே மண்ணில் அந்நியனாகச் சாகவேண்டியதுதான்.

அறுப்பதற்கு முன் கிடாவை நிறுப்போம். பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு மரம் இருக்கிறது, அதில் தராசைக் கட்டித் தொங்கவிடுவோம். நிறுப்பது ஒரு கூத்து. கிடா எவ்வளவு கொழுத்திருந்தாலும் நாங்கள் எல்லோரும் "கொறையுது! கொறையுது!" என்று கத்தவேண்டும். தகப்பன் எங்களைத் திருப்பி ஏசவேண்டும். "உங்க வீட்டுல அடுப்பு எரியலன்னா என் ஆட்ட ஏன்டா நோட்டம் விடுறீங்க?" என்பான் ஒருவன். "முழு ஆட்டையும் நீயே முழுங்கு, வயித்தால போகட்டும்" என்பான் இன்னொருவன். சத்தம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய வாழ்த்து. எங்கள் அப்பாக்களும் அப்படித்தான் கத்தினார்கள்.

ஆர்கியாஸ் அதை அளவோடு செய்யமாட்டான். எல்லோரும் ஓய்ந்த பிறகும் அவன் ஒருவன் கத்திக்கொண்டிருப்பான். எழுந்து போய்த் தராசுக் கோலைத் தட்டிப் பார்ப்பான். கிடாவின் விலாவில் விரலை விட்டு எலும்பை எண்ணிக் காட்டுவான். ஏழு வருடங்களுக்கு முன் நான் என் மகனைக் கொண்டுபோனேன். போர் முடிந்த புதிது, ஊரில் எலி கூட மெலிந்திருந்த நேரம். எப்படியோ ஒரு கிடாவைத் தேற்றிக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"மிக்கியோன், இது ஆடா, கோழியா?" என்றான் ஆர்கியாஸ். "எடை முழுக்க மயிருலதான் இருந்துச்சு போல. நீ சும்மா இருக்காம கத்தரியப் போட்டுட்டியா?"

முப்பத்தைந்து பேரும் சிரித்தார்கள். என் மகனும் சிரித்தான், அவனுக்கு அப்போது ஒரு வயது. நானும் பல்லைக் காட்டினேன். ஆனால் அன்றைக்கு மனதில் விழுந்த முள்ளை நான் பிடுங்கவில்லை. அப்படி ஆளுக்கொரு முள் எங்கள் எல்லோரிடமும் இருந்தது.

கத்துவதோடு அவன் நிற்கவில்லை. ஐந்து வருடங்களுக்கு முன் ஒரு சட்டம் கொண்டுவந்தான். போர்க் குழப்பத்தில் யார் யாரோ உள்ளே நுழைந்துவிட்டார்களாம், இனிமேல் கறாராக இருக்கவேண்டுமாம். அரை நாள் பேசினான். இறைச்சி ஆறிக்கொண்டிருந்தது, நாங்கள் கையைத் தூக்கிவிட்டோம். அதைக் கல்லில் வெட்டிப் பீடத்துக்கு எதிரே நட்டு வைத்தோம். "ஆர்கியாஸ் முன்மொழிந்தது" என்று தொடங்குகிறது. ஒரு பிள்ளையின் தாயைப் பற்றிச் சந்தேகம் என்று ஒரு சொல் பீடத்தின் முன் எழுந்தால், யார் வாயிலிருந்து எழுந்தாலும், ஆளுக்கொரு கூழாங்கல் போட்டுத் தீர்ப்புச் சொல்லவேண்டும். உள்ளது உள்ளபடி போடுவேன் என்று சத்தியம் செய்துவிட்டுத்தான் ஒவ்வொருவனும் போடவேண்டும். பொய்யாகப் போட்டவன் குடும்பத்தோடு நாசமாகட்டும். ஒருமுறை தள்ளப்பட்ட பிள்ளையை மறுபடி கொண்டுவரக் கூடாது. அவ்வளவுதான் சட்டம். அதன்பிறகு அதைப் பயன்படுத்த ஒரு தேவையும் வரவில்லை. வெயிலுக்கு அதன் நிழலில் மதுக்குடத்தை வைப்போம்.

ஆர்கியாஸின் முதல் மனைவி பிள்ளை பெறாமலே போய்ச் சேர்ந்தாள். நாற்பத்தைந்து வயதில் மறுபடி கல்யாணம் செய்துகொண்டு ஒரு மகனைப் பெற்றான். இரண்டாவது மனைவியின் பெயரை நான் சொல்லமாட்டேன். உயிரோடிருக்கும் நல்ல வீட்டுப் பெண்ணின் பெயரை ஆண்கள் நடுவில் சொல்வது எங்களிடம் வழக்கமில்லை. பையன் பெயர் ஃபிலாக்ரஸ். அவனுக்கு மூன்று வயதாகியும் ஆர்கியாஸ் அவனைப் பீடத்துக்குக் கொண்டுவரவில்லை. கேட்டால், "கிடா வளரட்டும்டா. உங்கள மாதிரி பூனைய இழுத்துக்கிட்டு வரச் சொல்றியா?" என்பான். நாங்கள் அதை நம்பினோம்.

போன வருடம் ஒருவழியாகக் கொண்டுவரப்போகிறான் என்று செய்தி வந்தது. விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது திமாந்தஸ் என் கடையில் உட்கார்ந்திருந்தான். தோல் பதனிடுபவன், என் பங்காளி, அவனுக்கும் ஒரு பழைய முள் உண்டு.

"அவன் கிடாவப் பாத்தியா?" என்றான். "கன்னுக்குட்டி கணக்கா நிக்குது. அத்திப்பழமாப் போட்டு வளக்குறானாம். பையன் அது முதுகுல ஏறிக்கிட்டுத் தெருவுல போறான்."

"நம்ம கத்துறதுக்கு வழியே இல்லாமப் பண்ணணும்னு பாக்குறான்."

"எவ்வளவு பெருசா இருந்தா என்ன? கத்தித்தானே ஆகணும்?"

"வேணாம், கத்த வேணாம்" என்றேன் நான். அந்த நேரத்தில் எனக்கு அது பெரிய கெட்டிக்காரத்தனமாகத் தோன்றியது. "ஒருத்தனும் வாயத் தொறக்கக் கூடாது. இவ்வளவு நாள் நம்மள வாயால அடிச்சான்ல? நாம வாய மூடிக்கிட்டு அடிப்போம். தராசுல ஏத்தி வெச்சிட்டு, காதத் தீட்டிக்கிட்டு நிப்பான். காக்கா கத்துற சத்தம்தான் கேக்கணும்."

திமாந்தஸ் சிரித்த சிரிப்பில் என் கத்தரி அவன் காதோரம் கொஞ்சம் வெட்டிவிட்டது. அதையும் பொருட்படுத்தாமல் சிரித்தான். பத்து நாளில் முடி வெட்டிக்கொள்ள வந்த ஒவ்வொரு பங்காளியின் காதிலும் விஷயத்தைப் போட்டேன். ஒருவன் கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. பேன் பார்க்கக்கூட நேரமில்லை என்று சொல்பவர்கள் எல்லாம் அந்தப் பத்து நாளில் முடி வெட்டிக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் காலையில் ஆர்கியாஸ் வந்தான். வெளுத்த மேலாடை, தலையில் இலைமாலை. ஒரு கையில் பையன், இன்னொரு கையில் கயிறு. கிடா உண்மையிலேயே பிரமாதமாக இருந்தது. பையன் அதன் கொம்பில் தன் தலைநாடாவை அவிழ்த்துக் கட்டியிருந்தான். எங்கள் தலைவர் எபிகெனெஸ் தராசைச் சரிபார்த்தார். அவர் எண்ணெய் வியாபாரி, எதையும் இரண்டு தரம் அளக்கும் ஆள். நாலு பேர் சேர்ந்து கிடாவைத் தூக்கித் தராசுத் தொட்டிலில் ஏற்றினார்கள். கோல் நச்சென்று ஒரு பக்கம் சாய்ந்தது.

யாரும் கத்தவில்லை.

ஆர்கியாஸ் சிரித்துக்கொண்டே எங்களைப் பார்த்தான். பதில் வசவு ஒன்றை நாக்கின் நுனியில் தயாராக வைத்திருந்தான் என்பது முகத்திலேயே தெரிந்தது. பாவம், மூன்று வருடமாக யோசித்து வைத்திருப்பான்.

"என்னடா, எல்லாருக்கும் தொண்ட கட்டிக்கிச்சா?" என்றான்.

நாங்கள் கிடாவைப் பார்த்தோம். கிடா எங்களைப் பார்த்தது.

"திமாந்தஸ், உனக்குக் கண்ணு தெரியுதுல்ல? சின்ன ஆடுதான். கத்துடா."

திமாந்தஸ் காலடியில் இருந்த எறும்பை ஆராய்ந்துகொண்டிருந்தான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டேன். அப்போது ஆர்கியாஸ் என் பக்கம் திரும்பினான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. நிறமே மாறியிருந்தது. அதை நான் கவனித்தேன். கவனித்தும், வித்தை நன்றாகப் பலிக்கிறது என்றுதான் நினைத்தேன்.

"மிக்கியோன். உன் கடைல என்ன பேசிக்கிட்டாங்க?"

"எதப் பத்தி?" என்றேன்.

"என்னப் பத்தி. என் வீட்டப் பத்தி."

திட்டப்படி நான் வானத்தைப் பார்த்தேன். மேகம் ஒன்று போய்க்கொண்டிருந்தது. அதை ரசித்துப் பார்த்தேன்.

அவ்வளவுதான், அவன் உடைந்துவிட்டான்.

"எனக்குத் தெரியும்டா! எவனோ கெளப்பி விட்டிருக்கான். என் மாமியா மெகாராக்காரின்னு, பக்கத்து நாட்டுக்காரின்னு சொல்லியிருக்கான். அவ மெகாராக்காரி இல்ல! இந்த ஊர்க்காரி! சந்தையில நாடா வித்தா, ஆமா, வித்தா. புருஷன் சிசிலில செத்துட்டான், கையில பொட்டப்புள்ள, என்ன பண்ணுவா? போர்க்காலத்துல எவன் வீட்டுப் பொம்பள எத விக்கல? நாடா வித்தா அந்நியக்காரி ஆயிடுவாளா? என் பொண்டாட்டி குடிமகன் பொண்ணுடா! சுத்தமான ஏதென்ஸ்காரி!"

எங்களில் ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. அவன் மாமியாரைப் பற்றி எந்தப் பேச்சும் எந்தக் கடையிலும் நடந்ததில்லை. அவனுக்கு மாமியார் என்று ஒருத்தி இருந்ததே பாதிப் பேருக்குத் தெரியாது.

"மெகாராவா?" என்று திமாந்தஸ் என் காதில் கிசுகிசுத்தான். "யாருடா மெகாராக்காரி?"

எபிகெனெஸ் தொண்டையைச் செருமினார். அவர் முகம் அழுவதுபோல் இருந்தது.

"ஆர்கியாஸ், தம்பி... ஏம்ப்பா இதச் சொன்ன?"

"நீங்க எல்லாம் மனசுல வெச்சிருக்கிறதத்தானே சொன்னேன்!"

"யாரும் ஒண்ணும் வெச்சிருக்கல. நீயாத்தான் சொன்ன. பீடத்துக்கு முன்னாடி சந்தேகம்னு ஒரு வார்த்த விழுந்துருச்சு." அவர் அந்தக் கல்லைப் பார்த்தார், அதன் நிழலில் இருந்த மதுக்குடத்தை ஒருவன் அவசரமாக எடுத்து நகர்த்தினான். "யார் வாயிலேர்ந்து எழுந்தாலும்னு போட்டுருக்கு. நீ எழுதுனதுதான்."

ஆர்கியாஸ் கல்லைப் பார்த்தான். தன் பெயரைப் படித்திருப்பான் என்று நினைக்கிறேன். அவனுக்கு இப்போதுதான் விஷயம் உறைத்தது. நாங்கள் கத்தாதது வெறும் விளையாட்டு என்பதும் உறைத்திருக்கும், ஏனென்றால் திமாந்தஸின் முகத்தில் அசட்டுச் சிரிப்பு இன்னும் மிச்சம் இருந்தது.

அவன் ஏன் மூன்று வருடம் காத்திருந்தான் என்று பிற்பாடு விசாரித்தபோதுதான் எனக்கு முழுக்கப் புரிந்தது. ஆடு வளரவேண்டும் என்பதற்காக இல்லை. மாமனாருடைய பங்காளிகள் பன்னிரண்டே பேர், பிரவுரோன் பக்கத்து மீன்பிடிக்காரர்கள். பன்னிரண்டு பேரும் ஒரே கப்பலில் சிசிலிக்குப் போய் ஒருவர்கூடத் திரும்பவில்லை. அவன் மனைவி யார் மகள் என்று சொல்ல உலகத்தில் ஆளில்லை. அந்தப் பயத்தை உள்ளே வைத்துக்கொண்டுதான் அவ்வளவு சத்தம் போட்டிருக்கிறான். எல்லோரையும் சந்தேகப்படுகிறவனை யார் சந்தேகப்படப்போகிறார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறான். கணக்கு சரிதான். எங்களுக்குச் சந்தேகம் வரவே இல்லை.

அப்போது சிமிலோஸ் எழுந்தார். அறுபது வயது, ஒரு காது கேட்காது. சிசிலியில் பிடிபட்டுக் கல்குவாரியில் கிடந்து திரும்பி வந்த நாலைந்து பேரில் ஒருவர். அதைப்பற்றி யாரிடமும் பேசமாட்டார், நாங்களும் கேட்கமாட்டோம்.

"என்னப்பா, நாடா விக்கிறவ புருஷனா?" என்றார். "பிரவுரோன்காரனா? இடது கையில ரெண்டு விரல் இருக்காது?"

ஆர்கியாஸ் வாயைப் பிளந்தான். "ஆமா பெரியப்பா. வலையில மாட்டிப் போச்சுன்னு சொல்லுவாங்க."

"அவன் என் தொடமேல தலைய வெச்சித்தான் செத்தான்" என்றார் சிமிலோஸ். பிறகு போய்ப் பீடத்தில் கை வைத்தார். "ஏதென்ஸ்காரன். அவன் பொண்டாட்டியும் ஏதென்ஸ்காரி, எங்கம்மா ஊருதான் அவளுக்கு. அவங்க கல்யாணத்துல நான் வயிறு முட்டத் தின்னுட்டுக் குடிச்சு வாந்தி எடுத்தேன். இது உண்ம, ஜீயஸ் சாட்சி. ஏன்டா ஆர்கியாஸ், இத எங்கிட்ட ஒரு தடவ கேட்டிருக்கக் கூடாதா? ஊரெல்லாம் கத்துனியே."

ஆர்கியாஸ் குழந்தையைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதான். எங்களுக்கும் கண் கலங்கிவிட்டது. உண்மையாகவே கலங்கியது. பையன் அப்பாவின் இலைமாலையில் இருந்து ஒவ்வொரு இலையாகப் பிய்த்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தான். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்றுதான் அங்கிருந்த ஒவ்வொருவனும் நினைத்தான்.

"ஆனாலும் கல்லு போட்டாகணும்" என்றார் எபிகெனெஸ். "சட்டம் சட்டம்தான். ஒரு சடங்குக்குத்தான், சீக்கிரம் முடிச்சிடுவோம். நெருப்பு அணைஞ்சிடும்."

பீடத்தின்மேல் இரண்டு கூடைகளில் கூழாங்கல் வைத்தார்கள். சத்தியம் செய்துவிட்டு, வெள்ளை ஒன்று கறுப்பு ஒன்று எடுத்துக்கொள்ளவேண்டும். வெள்ளை என்றால் பிள்ளை நம்முடையவன், கறுப்பு என்றால் இல்லை. தீர்ப்புக் கல்லைக் கையை மூடியபடி வெண்கலக் குடத்தில் போட்டுவிட்டு, மிச்சக் கல்லை மண்குடத்தில் போடவேண்டும். தகப்பனுக்கு ஓட்டு இல்லை. முப்பத்தைந்து பேர் வரிசையாக நின்றோம்.

என் முறை வந்தது. பீடத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தேன். இரண்டு கல்லையும் எடுத்தேன். அந்தப் பிள்ளை ஏதென்ஸ்காரன் என்பதில் எனக்கு ஒரு துளிச் சந்தேகமும் இல்லை. குடத்தை நோக்கி நாலு அடி நடக்கவேண்டும். அந்த நாலு அடியில்தான் அந்த யோசனை வந்தது. எப்படியும் முப்பத்துநாலு வெள்ளை விழப்போகிறது. நடுவே ஒரே ஒரு கறுப்பு இருந்தால் என்ன கெட்டுப்போகும்? பையன் பெயர் ஏறத்தான் போகிறது. ஆனால் அந்த ஒரு கல்லை ஆர்கியாஸ் பார்ப்பான். யார் போட்டது, யார் போட்டது என்று ஆயுள் முழுக்க மண்டையை உடைத்துக்கொள்வான். என் கிடாவைக் கோழி என்று சொன்னதற்கு அது போதும். அதோடு கணக்கைத் தீர்த்துக்கொண்டு, நாளையிலிருந்து அவனோடு நன்றாக இருந்துவிடலாம் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், எங்கள் ஊரார் சொல்வதுபோல் நாயின்மேல் ஆணை.

கறுப்பை வெண்கலக் குடத்தில் போட்டேன். வெள்ளையை மண்குடத்தில் போட்டேன். திரும்பி வரும்போது ஆர்கியாஸின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தேன். பலபேர் தட்டிக்கொடுத்தார்கள்.

எபிகெனெஸ் வெண்கலக் குடத்தை மேசைமேல் வைத்துக் கையை உள்ளே விட்டு ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். முதல் கல் கறுப்பு. சிலர் உதட்டோரம் சிரித்தார்கள். ஆகா, நம்முடையதுதான் முதலில் வந்துவிட்டது என்று நினைத்தேன். இரண்டாவதும் கறுப்பு. சரி, நம்மைப்போல் இன்னொரு குறும்புக்காரனும் இருக்கிறான். மூன்றாவதும் கறுப்பு. திமாந்தஸைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்த்தான், இரண்டு பேரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம். நாலாவது வெள்ளை, எனக்கு மூச்சு வந்தது. அதற்குப் பிறகு கறுப்பு, கறுப்பு, கறுப்பு. எபிகெனெஸ் கூடை மாறிப்போயிருக்குமோ என்று ஒரு கல்லைத் துடைத்துப் பார்த்தார். துடைத்தாலும் கறுப்புத்தான். அடுத்த கல்லையும் துடைத்தார். அவரும் ஏதோ ஒரு கல் போட்டவர்தானே.

மூன்று வெள்ளை. முப்பத்திரண்டு கறுப்பு.

முப்பத்திரண்டு பேரும் ஒரே ஒரு கல்தான் போட்டிருந்தோம்.

எபிகெனெஸ் தலையை நிமிர்த்தாமல், "யாராச்சும் ஏதாச்சும் சொல்லணுமா?" என்றார். கெஞ்சுகிற குரலில் கேட்டார். ஒருவன் எழுந்து, "நான் விளையாட்டுக்குப் போட்டேன்" என்று சொன்னால் போதும், மற்றவர்களும் எழுந்திருப்பார்கள். ஆனால் அப்படிச் சொல்கிறவன் பீடத்தைத் தொட்டுப் பொய்ச் சத்தியம் செய்தேன் என்று ஜீயஸின் முன்னால் ஒப்புக்கொள்ளவேண்டும். குடும்பத்தோடு நாசமாகட்டும் என்று எதிரே கல்லில் இருந்தது. என் மகன் அன்று முதல்முறை மது ஊற்றும் சடங்குக்காகப் புது உடுப்போடு பின்னால் நின்றுகொண்டிருந்தான். நான் அவனைப் பார்த்தேன். பிறகு என் கால் விரல்களைப் பார்த்தேன். காலையில் வாயை மூடவைக்க நான் பத்து நாள் பாடுபட்டேன். இப்போது யாரும் யாருக்கும் சொல்லிவைக்கவில்லை.

சிமிலோஸுக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவனை இடித்து, "என்னடா ஆச்சு? பேரு ஏறிடுச்சா?" என்று கேட்டார். அவன் மேசையைக் கைகாட்டினான். அவர் மேசைக்குப் போய்க் கூழாங்கற்களைப் பார்த்தார். "நான் பொய்யா சொன்னேன்?" என்றார்.

ஆர்கியாஸ் எங்களைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அவனிடம் வசவுக்கா பஞ்சம்? அவன் போய்க் கிடாவைத் தொட்டிலிலிருந்து இறக்கினான். ஒருவனும் உதவிக்குப் போகவில்லை, கன்றுக்குட்டி அளவு கனத்தை ஒற்றை ஆளாக இறக்கினான். கயிற்றைப் பிடித்துக்கொண்டு பீடத்தை விட்டு நடந்தான். எங்கள் கூட்டத்தில் தன் கிடாவைத் தானே இழுத்துக்கொண்டு போன முதல் ஆள் அவன்தான்.

"அப்பா, ஆட வெட்டலியா?" என்றான் பையன்.

"இல்லப்பா."

"நம்ம வீட்டுக்கே வருதா?"

"ஆமா."

பையன் கைதட்டினான். சரிவில் இறங்கி மறையும்வரை அவன் சந்தோஷக் கூச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. அன்று இன்னும் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். அந்தக் கிடாக்களை நிறுத்தபோது நாங்கள் தொண்டை கிழியக் கத்தினோம். இறைச்சியும் சாப்பிட்டோம். நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன், மறைப்பானேன்?

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. கடைக்கு முதலில் வந்தவன் திமாந்தஸ். உட்கார்ந்ததும், "பாவம்டா ஆர்கியாஸ். நான் வெள்ளதான் போட்டேன், தெரியுமா?" என்றான். "தெரியும்" என்றேன். மறுநாள் வந்தவனும் வெள்ளைதான் போட்டிருந்தான். அதற்கடுத்த நாள் இரண்டு பேர். எபிகெனெஸ் தாடியை ஒதுக்கிக்கொள்ள வந்து, தலைவர் என்ற முறையில் சொல்லக்கூடாதுதான் என்று தொடங்கி, தானும் வெள்ளை என்று முடித்தார். குளிர் முடிவதற்குள் பதினெட்டுப் பேர் என் நாற்காலியில் உட்கார்ந்து அந்த மூன்று வெள்ளைக் கல்லைப் போட்டிருந்தார்கள். யார் அந்த ராட்சசர்கள், எப்படி மனசு வந்தது என்று என்னிடமே கேட்டார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து ஆச்சரியப்பட்டேன்.

வழக்குமன்றத்துக்குப் போகச் சொல்லி ஆர்கியாஸுக்கு யாரோ யோசனை சொன்னார்களாம். முப்பத்திரண்டு பங்காளிகள் எதிராக இருக்கும்போது எந்த நடுவர் ஒரு காது கேட்காத கிழவரை நம்புவார் என்று அவன் போகவில்லை. அவன் மனைவியைப் பெண்களின் தெமெத்தர் விழாவுக்கு இனி யாரும் கூப்பிடமாட்டார்கள் என்று என் மனைவி சொன்னாள். கூப்பிடாதவர்களில் என் மனைவியும் ஒருத்தி. "நாலு பேரு என்ன சொல்லுவாங்க?" என்றாள்.

வசந்தத்தில் ஒரு காலை ஆர்கியாஸ் கடைக்கு வந்தான். மெலிந்திருந்தான். முடியும் தாடியும் காடாக வளர்ந்திருந்தன, நகத்தில் மண். உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள், வேலை இருக்கிறது என்று எழுந்து போய்விட்டார்கள். நான் அவனை உட்காரவைத்துத் துணியைப் போர்த்தினேன். முடி வெட்டி, தாடியை ஒதுக்கி முடிக்கும்வரை அவன் ஒன்றும் பேசவில்லை. ஆர்கியாஸ் பேசாமல் உட்கார்ந்திருப்பதை அன்றுதான் பார்த்தேன். நகம் வெட்ட அவன் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"மூணு வெள்ள விழுந்துச்சுல்ல" என்றான்.

"ஆமா."

"ஒண்ணு சிமிலோஸ் பெரியப்பா. ஒண்ணு எங்க சித்தப்பா மவன், அவன் வந்து அழுதான். மூணாவது ஆரம்பத்துல தெரியல. போட்டேன் போட்டேன்னு வழியில பாக்குறவன் எல்லாம் சொல்றான். நாக்கு கூசாம சொல்றானுங்க. யோசிச்சுப் பாத்தேன். ஒருத்தன் மட்டும் எங்கிட்ட வந்து எதுவும் சொல்லல."

நான் கட்டைவிரல் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

"நீதான்டா மிக்கியோன். போட்டவன் சொல்லிக்கிட்டுத் திரிய மாட்டான். உன் பையனோட கிடாவ நான் எவ்வளவு கேலி பண்ணேன். அதெல்லாம் மனசுல வெச்சுக்காம போட்ட பாரு. வீட்டுல சொன்னேன். அவ தெனமும் அடுப்புச் சாமிக்கு மொதக் கவளம் போடுறப்ப உன் பேரையும் சேத்துச் சொல்றா. உன் பிள்ள நல்லா இருக்கணும்னு சொல்றா."

அவன் கை என் கையில் இருந்தது. மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன கை. அதை அப்படியே விட்டுவிட்டு எழுந்து தெருவில் ஓடிவிடலாமா என்று இருந்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் அவனுக்கு இந்த ஊரில் மிச்சமிருந்த மூன்று மனிதரில் ஒருவன் இல்லாமல் போயிருப்பான். அதற்காகத்தான் சொல்லவில்லை என்று நான் இப்போது சொல்லிக்கொள்வதுண்டு. அந்த நேரத்தில் அதெல்லாம் யோசிக்கவில்லை. பயந்துதான் சொல்லாமல் இருந்தேன்.

"நீதானே?" என்றான்.

"ஆமா" என்றேன். "அடுத்த கையக் குடு."